தராசும் பல்லும்

கண்டி மாநகரைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களில், ஹந்தானையிலாயினும், கலஹாவிலாயினும், 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தக நோக்குடன் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரையிலாயினும், பிள்ளையை மாதந்தோறும் தராசிலிட்டு, அதன் நிறையை வளர்ச்சிப் பதிவேட்டில் ஒரு புள்ளியாகக் குறித்து, முந்திய புள்ளியோடு கோட்டினால் இணைக்கும் வழக்கம் நமது பொதுச் சுகாதார சேவையின் சிறந்த சாதனங்களுள் ஒன்றென்பதில் எனக்கு ஐயமில்லை. நோய் வெளிப்படுமுன்னரே கோடு சரிந்து எச்சரிக்கும். எழுத்தறியாத தாய்க்கும் அது விளங்கும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்டு, தலைமுறைக் கணக்கில் அரசாங்க ஏடுகளுக்குப் புறம்பாக நின்ற தோட்டத் தொழிலாளர் ஜனசமூகத்தின் பிள்ளைக்குத் தன் பெயரில் ஓர் ஏடு கிடைப்பது சிறிய காரியமன்று.

ஆயினும் மெலிந்த பிள்ளையும், மெலியாமலே உயரம் குன்றிய பிள்ளையும் தராசில் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கை முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் 100க்கு ஏறக்குறைய 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருக்க, தோட்டப்புறத்தில் அத்தொகை 32 ஆயிற்று. கருவுற்ற தாயின் போஷாக்கின்மை, குறைந்த பிறப்பு நிறை, அசுத்த நீரினால் மீண்டும் மீண்டும் வரும் வயிற்றோட்டம் ஆகியவை கூடிச் செய்த இக்கேட்டுக்கு, "இன்னும் கொஞ்சம் கூடக் குடுங்க" என்று தாயிடம் சொல்லியனுப்புவது பரிகாரமாகாது.

இதனினும் பெரிய குறை, தராசுக்குப் பிள்ளையின் வாய் தெரியாது என்பது. ஏறக்குறைய ஆறாம் மாதத்தில் முதற்பல் அரும்புகிறது. அதன்பின் அதிக காலம் செல்லுமுன்னரே, லயத்து வீட்டிலும், வேலைக்குப் போகும் தாய் பிள்ளையை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவிலும் சீனி போட்ட தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் பிள்ளைக்குப் பழகிவிடுகின்றன. இரவில் இனிப்புப் போத்தலை வாயில் வைத்தபடியே உறங்கும் பிள்ளைகளும் உண்டு. வாயிலுள்ள கிருமிகள் சீனியை அமிலமாக்க, அவ்வமிலம் எனாமலைக் கரைக்க, மேல்வாய் முன்பற்களில் ஈறையொட்டிச் சுண்ணாம்பு வெண்மையான வரையொன்று முதலில் தோன்றி, பின்னர் கபில நிறக் குழியாகிறது. பாற்பல்தானே, விழுந்து முளைக்கும் என்ற ஆறுதலை நான் ஏற்பதற்கில்லை. பாற்கடைவாய்ப்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை மென்று தின்ன வேண்டியவை. பல் நொந்த பிள்ளை ரொட்டியை ஒதுக்குகிறது, இரவில் உறங்குவதில்லை, அடுத்த மாதம் நிறை குறைந்து கிளினிக்குக்கு வருகிறது; நிறை குறைந்ததைப் பதிவேடு காட்டுமேயன்றி, அதன் காரணத்தைக் காட்டாது.

நிறை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷா கிடைக்கிறது. சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த அவ்வுணவை நான் குறைகூற மாட்டேன். ஆனால் பிள்ளை விரும்பி உண்ண வேண்டுமென்று சீனி கலந்து உருட்டி, நாள் முழுவதும் சிறுகச் சிறுக ஊட்டுவோமாயின், நிறை ஏற ஏறப் பல் அழியும். தராசு மெச்சிய உணவே பல்லை அழிக்குமாயின், தராசொன்றையே நீதிபதியாகக் கொள்வது தவறு.

பல்வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் இம்மலைகளுக்கு அண்மையிலுள்ள பேராதனையிலேயே இருக்கின்றன. எனினும் ஒரு நாட்கூலியை இழந்து பஸ்ஸேற வேண்டிய கொழுந்து பறிக்கும் தாய், பிள்ளையின் கன்னம் வீங்குமட்டும் அங்கே போவதில்லை. அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வைத்தியம் மலையேறி வரவேண்டும்.

ஆகையால் மாதக் கிளினிக்கை நடத்தும் மருத்துவமாதரையும் தோட்ட வைத்திய அதிகாரிகளையும் நான் வேண்டுவது இதுவே: தராசிலிருந்து பிள்ளையை இறக்குமுன் அதன் மேலுதட்டைச் சற்றே உயர்த்திப் பாருங்கள், வெண்வரை கண்டால் அன்றே எழுதிவையுங்கள், புளோரைட் கலந்த பற்பசையை அரிசிமணியளவு எடுத்துத் துலக்கத் தாய்க்குக் காட்டுங்கள், தேத்தண்ணீருக்குச் சீனி வேண்டாமென்று பிள்ளைக்காம்பரா ஆயாவிடமும் சொல்லுங்கள்.