எத்தனை கிலோ அல்ல, எத்தனை கிராம்

தூண்டில் ராடு வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோ தாங்கும்?" கேள்வியே பிழை. முக்கொம்புக்குக் கீழே, வெள்ளம் வடிந்தபின் கொள்ளிடத்து மணலில் தேங்கும் மடுக்களில் எனக்குச் சிக்கிய வரி விரால்களில் அரைக் கிலோவைத் தாண்டியவை சொற்பம். அவற்றுக்கு நான் வீசுவது ஐந்து கிராம் ஸ்பின்னர் என்னும் செயற்கை இரை. எத்தனை கிராமை ஒழுங்காக வீசும் என்பதே இங்கு அளவுகோல்.

ராடு ஒரு வில். இரையின் எடை அதை வளைக்க வேண்டும். அது நிமிரும்போதுதான் இரை பறக்கும். 10–30 கிராமுக்கென்று செய்த ராடில் ஐந்து கிராமைக் கட்டினால் நுனி அசையாது; வேலை முழுவதும் தோள்மேல் விழும். பிடிக்கு மேலே பொறித்திருக்கும் எண்களைப் படியுங்கள்: 3–10 கிராம் இரை, 4–8 பவுண்டு நரம்பு. இந்த மடுக்களுக்கு அது போதும். நீளம் ஆறரை அடி. ஏழடி இன்னும் சற்றுத் தள்ளி வீசும்தான். ஆனால் கரையோரக் கிளைகளுக்கு அடியில் அந்த அரையடியே பகை.

கிராஃபைட் கூர்மையானது. விரால் தொட்டதையும் செடி உரசியதையும் கைக்குப் பிரித்துச் சொல்லும். ஆனால் ஸ்கூட்டரில் ஒருமுறை இடிபட்டால் தெரியாமல் கீறல் விழுந்து, பிறகொரு நாள் மீன் இருக்கும்போது முறியும். கண்ணாடியிழை மந்தம், முரட்டுக் கையைப் பொறுத்துக்கொள்ளும். இரண்டையும் கலந்து செய்த இரு துண்டு ராடு ஒரு சமரசம். திறனாய்வில் இது பெரும்பாலும் வசைச்சொல், இங்கே பாராட்டு.

மடக்கு ராடின் வசதியை மறுப்பதற்கில்லை. தோள்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம். ஆனால் மற்ற எல்லாம் குறை. ஒவ்வொரு கணுவும் விறைப்பாக நிற்பதால் வளைவு ஒரே கோடாக ஓடாமல் துண்டு துண்டாக உடைகிறது. ரீலும் சேர்த்து ஒரே பெட்டியில் விற்ற ஒன்றை நானும் வாங்கினேன். இரண்டாம் நாளே கொள்ளிட மணல் புகுந்து மூன்றாம் கணு உள்ளே போக மறுத்தது. ஈரத்துண்டால் பிடித்துத் திருகினேன். 'டக்' என்றது, கையில் இரண்டு துண்டு.

ரீலுக்கு வருவோம். 1905இல் இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் காப்புரிமை பெற்ற தத்துவம் எளியது: நூற்கண்டு சுழலாமல் நிற்க, நரம்பு அதன் விளிம்பிலிருந்து தானே உருவிக்கொண்டு போகும். கண்டைச் சுழற்றிவிட எடை தேவையில்லை. அதனால்தான் சின்ன இரையும் பறக்கிறது. இந்த அடிப்படையை மறந்துவிட்டு, பெட்டியில் '13+1 பேரிங்' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்குகிறோம். பேரிங்கின் எண்ணிக்கை தரம் ஆகாது. மட்டமான பதின்மூன்றைவிட நல்ல மூன்று மேல். மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடிதான் டிராக்; 'டிராக் எட்டுக் கிலோ' என்ற வீறாப்பும் அப்படியே. எட்டு பவுண்டு நரம்பு அறுவது சுமார் 3.6 கிலோ இழுவையில். டிராக்கை அதில் கால் பங்குக்கு, ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வைக்கிறோம். மீதி ஏழு கிலோ யாருக்கு?

கேட்க வேண்டியது வழவழப்பு. கடையிலேயே டிராக்கைப் பாதி இறுக்கி நரம்பை மெல்ல இழுத்துப் பாருங்கள். திக்கித் திக்கி வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். மெல்லிய நரம்பு அறுவது அந்தத் திக்கலில்தான். அளவில் 1000 ரீல் கைக்கு அழகு. ஆனால் சின்னக் கண்டில் சுருண்டு கிடந்த நைலான் நரம்பு வெளியே வந்தும் சுருளாகவே நிற்கும். 2000 அல்லது 2500 சில கிராம் கூடுதல், வீச்சில் சீர். அளவு எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் கையில் தூக்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

மூங்கில் கழியும் தக்கையும் மண்புழுவும் இவற்றுக்கெல்லாம் முன்பே முழுமை கண்டவை. கைக்கும் மீனுக்கும் இடையே இயந்திரம் இல்லாத அந்த நேர்மை எந்த ரீலுக்கும் வராது. ஆனால் கழி எட்டும் தொலைவுதான் அதன் உலகம். மடுவின் நடுவில் மூச்சு வாங்க மேலே வந்து போகும் விரால் அதற்கு வெளியே நிற்கிறது.

தீர்ப்பு: ஆறரை அடி, 3–10 கிராம், இரு துண்டு ராடு, 2000 அல்லது 2500 ரீல், ஆறு பவுண்டு நரம்பு. திறந்த நீரில் இதற்கு மேல் தேவையில்லை. ஆகாயத்தாமரை மூடிய வாய்க்காலில் இதே ராடு தோற்கும். விராலின் எலும்பு வாயில் முள் இறக்க இதற்கு வலு இல்லை. மீன் வேருக்குள் நுழைந்தால் நரம்பு அறும், முள் அதன் வாயில் தங்கும். அங்கே கனத்த ராடு எடுங்கள். இல்லையென்றால் வீசாதீர்கள்.