சினை பிடித்தது மருந்தாலா, தானாகவா?

தண்டலத்திலோ, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் வேறு எந்தச் சிற்றூரிலோ, ஒரு கறவைப் பசு மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை என்றால் அடுத்து என்ன நடக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். "கர்ப்பப்பையில் அழுக்கு இருக்கிறது" என்று ஒருவர் சொல்வார். இன்னொருவர் கைமருந்து சொல்வார். முள்ளங்கி, சோற்றுக்கற்றாழை, முருங்கைக்கீரை, பிரண்டை, கறிவேப்பிலை ஆகியவற்றை, பருவத்தின் முதல் அல்லது இரண்டாம் நாள் தொடங்கி, ஒவ்வொன்றாகச் சில நாள் வீதம், வெல்லமும் உப்பும் சேர்த்து ஊட்டுவது அந்த முறை. இது வெறும் பாட்டி வைத்தியம் அன்று; தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியமே விவசாயிகளிடையே பரப்பிவரும் முறை. ஆகவே இதைக் கேலி செய்து ஒதுக்கிவிட முடியாது. மதிப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

இதை நாடுவோர் அறியாமையால் நாடுகிறார்கள் என்றும் எண்ண வேண்டா. கருப்பை அழற்சி என்று ஐயம் எழுந்தவுடன், எந்தக் கிருமி என்று பாராமலே எதிருயிரி மருந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் பழக்கம் நெடுநாளாக இருந்து வருகிறது. அதன் எச்சம் பாலில் வரக்கூடும். அந்த நாட்களின் பாலை விற்கக் கூடாது. கிருமிகளோ மருந்துக்கு அடங்காத வகைகளாக மாறிக்கொள்கின்றன. அயோடின் கரைசலின் செறிவு மிகுந்துவிட்டால் கருப்பையின் உட்படலமே புண்ணாகிவிடும். இவற்றோடு ஒப்பிட்டால் முருங்கைக்கீரை எவ்வளவோ சாது.

ஆனால் சாதுவாக இருப்பது வேறு, நோயைத் தீர்ப்பது வேறு. நோயே இல்லாத 100 பசுக்களை எடுத்துக்கொள்வோம். ஒரு சினை ஊசிக்கு 100க்கு 40 பசுக்கள் சினையாகும் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஊசிக்குப் பின் 60 பசுக்கள் எஞ்சும். இரண்டாவதற்குப் பின் 36. மூன்றாவதற்குப் பின் ஏறத்தாழ 22. எந்தக் குறையும் இல்லாத இந்த 22 பசுக்களுக்கும் "சினை பிடிக்காத மாடு" என்ற பட்டம் கிடைத்துவிடும். நாலாவது ஊசிக்கு முன் இவற்றுக்கு வெறும் வெல்லத்தைக் கொடுத்தாலும் 9 பசுக்கள் சினையாகிவிடும்! அந்த ஒன்பது வீட்டாரும் வெல்லத்தின் புகழை ஊரெல்லாம் பாடுவர். மற்ற பதின்மூன்று வீட்டார், பக்குவமாகக் கொடுக்கத் தவறிவிட்டோமோ என்று வாயடைத்திருப்பர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐந்து பொருள், ஒவ்வொன்றும் சில நாள். மொத்தம் ஏறத்தாழ மூன்று வாரம். பசுவின் பருவச் சுழற்சி எத்தனை நாள்? ஏறக்குறைய 21. ஊட்டி முடிக்கவும் அடுத்த பருவம் வரவும் சரியாக இருக்கும். பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு மிகும். கருப்பைக் கழுத்து திறக்கும். தசைகள் சுருங்கி உள்ளிருப்பதை வெளியே தள்ளும். வெள்ளணுக்கள் கிருமிகளை அழிக்கும். இலேசான அழற்சி பெரும்பாலும் இப்படித் தானாகவே தணிகிறது. பிரண்டை செய்ததா, பருவம் செய்ததா என்பதை ஒரு மாட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

இந்தச் சிக்கலைக் குதிரை மருத்துவர்கள் வேறொரு வழியில் அணுகியிருக்கிறார்கள். (குதிரை நமக்கு அந்நியம் அன்று, ஓசூர் கால்நடைப் பண்ணை 1824இல் தொடங்கப்பட்டதே படைக்குக் குதிரை வளர்க்கத்தான்.) பெட்டைக் குதிரை சூல் கொண்டால் பதினோரு மாதம் சுமக்கும், ஒரு பருவகாலம் தவறினால் ஓர் ஆண்டே வீண். ஆகவே அதன் கருப்பையில் மனிதன் ஊற்றிப் பார்க்காத பொருள் குறைவு: வினிகர், ஓசோன், ஏன், மண்ணெண்ணெய்கூட! காயங்களுக்குப் பயன்படும் குளோர்ஹெக்சிடினை ஊற்றியபோது உட்படலம் வெந்து ஒட்டிக்கொண்ட குதிரைகளும் உண்டு. பின்னர், இணைசேர்ந்த பின் வரும் அழற்சிக்கு விந்தணுக்களே ஒரு காரணம் என்று தெரியவந்தது. நலமான குதிரை ஓரிரு நாளில் அந்த நீரை வெளியேற்றிவிடுகிறது. நோய்ப்படும் குதிரைக்கு அந்த ஆற்றல் குறைவு. குறை இன்னதென்று தெரிந்ததும் சிகிச்சையும் தெளிவாயிற்று: உப்புநீரால் கழுவுதல், தசையைச் சுருக்க ஆக்சிடோசின் ஊசி. காஸ்லிக் என்னும் அமெரிக்க மருத்துவர் 1937இல் விவரித்த முறையோ இன்னும் எளியது. யோனி வாயின் மேற்பகுதியைத் தைத்துவிட்டால் காற்றும் சாணமும் உள்ளே போகா. இம்முறை இன்றும் கையாளப்படுகிறது. இவையும் எதிருயிரி இல்லாத மாற்று வழிகளே என்பதை மறக்க வேண்டா.

நம் பசுவுக்குத் திரும்புவோம். அதன் குறை என்ன என்று பார்த்தோமா? பருவத்தில் வரும் கோழை கண்ணாடி போல் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியோ சீழ் கலந்தோ இருந்தால் அழற்சி. கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும், சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்த்துக் கொதிக்கவைக்கும்போது மஞ்சளித்தால் மறைந்திருக்கும் அழற்சி என்று ஐயுறலாம். பெரிய ஆய்வுக்கூடம் இதற்குத் தேவையில்லை. பல மாடுகளில் நோயே இராது, நேரந்தான் தவறியிருக்கும். வீட்டில் உள்ளவர்கள் ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு ஷிப்டு வேலைக்குப் போய்விட்டால், இரவிலோ விடியலிலோ மாடு கத்துவதை யார் கவனிப்பது? காலையில் பருவம் கண்டால் மாலையில் ஊசி என்பது பொது விதி. மறுநாள் மாலை போட்டால் எந்தக் கீரையும் காப்பாற்றாது.

கைமருந்து ஊட்டிக்கொண்டு காத்திருப்பது ஆபத்தாகும் இடமும் ஒன்று உண்டு. சினையின் பிற்பகுதியில் கன்று விசிறினால் புரூசெல்லா நோயாக இருக்கலாம். நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுப்பவருக்கும் அது தொற்றும். காய்ச்சல் மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும். இங்கே முதலில் வேண்டியது இரத்தப் பரிசோதனை. கிடேரிக் கன்றுகளுக்கு நான்கு முதல் எட்டு மாத வயதுக்குள் இதற்குத் தடுப்பூசி போடலாம்.

மூலிகை முறையைப் பற்றி எந்த வெற்றிக் கணக்கு உங்கள் கைக்கு வந்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: மருந்து கொடுக்காத மாடுகளில் எத்தனை சினையாயின? இதைச் சோதிப்பது கடினமும் அன்று. சில பால் சங்கங்கள் சேர்ந்து, மூன்று முறை தவறிய மாடுகளைத் திருவுளச் சீட்டால் இரு பாதியாக்கலாம். ஒரு பாதிக்கு முறைப்படி ஐந்து மூலிகைகள். மறு பாதிக்கு அதே வெல்லம், அதே உப்பு, வேறு ஏதேனும் பசுந்தழை. ஊசி போடுபவர் ஒருவரே. மூன்றாம் மாதம் சினை பார்க்கும் மருத்துவருக்கு எந்த மாடு எந்தப் பாதி என்பது தெரியக்கூடாது.