லா பாஸ்: நங்கூரமிட்டுத் தங்கி ரசிப்பது எப்படி?

பசிபிக் பெருங்கடலுக்கும் கலிபோர்னியா வளைகுடாவுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தின் தென்பகுதியில், வளைகுடாவைப் பார்த்தபடி அமைந்துள்ள மெக்சிகோ நகரம் லா பாஸ். ஸ்பானிய மொழியில் இப்பெயருக்கு ‘அமைதி’ என்று பொருள். பாய்மரப் படகையே வீடாகக் கொண்டு, மாதக்கணக்கில் துறை துறையாகப் பயணம் செய்யும் வாழ்க்கைமுறையை ‘குரூசிங்’ என்பர். அதை மேற்கொள்வோரில் ஓய்வு பெற்ற தம்பதியரும் உண்டு. மூன்று நாளில் தண்ணீரும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று இந்நகருக்கு வரும் அத்தம்பதியரில் பலர் வாரக்கணக்கில் தங்கிவிடுவதற்குத் தக்க காரணம் உண்டு. லா பாஸ் தங்கி அறிய வேண்டிய ஊர். கரையில் அறை எடுத்துத் தங்குவோர்க்குப் பாதி ஊர்தான் தெரியும், மறுபாதி தண்ணீரில் இருக்கிறது.

ஆகவே ரசனையைத் தண்ணீரிலிருந்தே தொடங்க வேண்டும். நகருக்கு எதிரே எல் மொகோட்டே என்னும் நீண்ட மணல்திட்டு, அலைகளைத் தடுக்கும் இயற்கைச் சுவராகப் படுத்திருக்கிறது. அதற்கும் கரைக்கும் இடைப்பட்ட கால்வாயில்தான் படகுகள் நங்கூரமிடுகின்றன. கால்வாய்க்கு அப்பால் உள்ள ஆழமற்ற உப்பங்கழிக்குக் கடல்நீர் சென்று திரும்ப இந்தக் கால்வாயே வழி என்பதால், ஏற்றத்திலும் வற்றத்திலும் நீரோட்டம் இங்கே விசையோடு ஓடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அவ்விசை இன்னும் கூடும். இதனோடு சேர்ந்துகொள்வது கொரொமுவேல் என்னும் காற்று. பகலில் பாலைநிலம் சூடேறிக் கிடக்க, மாலைக்குப் பின் பசிபிக் பக்கத்துக் குளிர்ந்த காற்று தீபகற்பத்தின் தாழ்ந்த பகுதி வழியாகத் தென்மேற்கிலிருந்து புகுந்து, இரவெல்லாம் வீசி, காலையில் ஓய்கிறது. கிராம்வெல் என்னும் கடற்கொள்ளையன் பெயரே திரிந்து இப்படி ஆயிற்று என்று உள்ளூர்க் கதை சொல்கிறது. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்து வாழும் நம் கரையோர மக்களுக்கு, ஒரு காற்றைப் பெயர் சொல்லி எதிர்பார்க்கும் ஊரின் மனம் எளிதில் விளங்கும்.

நீரோட்டமும் காற்றும் எதிரெதிராக வரும் இரவுகளில் நிகழ்வதைத்தான் படகோட்டிகள் ‘லா பாஸ் வால்ட்ஸ்’ என்கிறார்கள். வால்ட்ஸ் என்பது ஆணும் பெண்ணும் இணைந்து சுழன்றாடும் ஐரோப்பிய நடனம். ‘கீல்’ என்னும் ஆழமான அடித்தகடு உள்ள பாய்மரப் படகு நீரோட்டத்துக்குப் பணியும். இலேசான இரட்டையுடல் படகும் உயர்ந்த பக்கங்களை உடைய மோட்டார் படகும் காற்றுக்குப் பணியும். அதனால் வேறிடங்களில் ஒரே திசை நோக்கி நிற்கும் படகுகள் இங்கே ஆளுக்கொரு திசையில் திரும்பி, தத்தம் சங்கிலியையே சுற்றி வந்து, சில வேளை பக்கத்துப் படகை நெருங்கியும் விடுகின்றன. படுக்கையில் கிடப்பவர்க்கு, மணலில் புரளும் சங்கிலியின் கரகரப்பு படகின் உடல் வழியே காதுக்கு ஏறிவரும். முதல் இரவில் அது அச்சம் தரும்; கணவனும் மனைவியும் மாறி மாறி எழுந்து தளத்துக்கு வந்து அண்டைப் படகின் விளக்கை அளந்து பார்ப்பார்கள். ஒரு வாரம் கழிந்தபின் அதே ஓசை ஏற்றம் திரும்பிவிட்டது என்ற செய்தியாக மட்டும் கேட்கும். அந்த மாற்றத்துக்காகவாவது ஒரு வாரம் தங்க வேண்டும்.

காலை 8 மணிக்கு வி.எச்.எஃப். வானொலியின் 22ஆம் அலைவரிசையில், ஞாயிறு நீங்கலாக, படகோட்டிகள் கூடிப் பேசுகிறார்கள். வந்தவர், போகிறவர், வானிலை, ஏற்ற வற்ற நேரம், யாருக்கு எந்த உதிரிப்பாகம் தேவை என்று எல்லாம் அதில் வரும். காப்பியோடு இதைக் கேட்பது அந்நாளின் தொடக்கம்.

கரைக்குச் செல்ல ‘டிங்கி’ எனப்படும் சிறு துணைப்படகு போதும். பகல் வெயிலில் நகரைச் சுற்றுவதில் பயனில்லை. சந்தையில் ‘சாக்லேட் சிப்பி’யை வாங்கி, எலுமிச்சை பிழிந்து உண்டு திரும்பிவிடலாம். அதன் ஓட்டின் பழுப்பு நிறமே அப்பெயருக்குக் காரணம்; சுவையில் இனிப்பு எதிர்பார்க்க வேண்டாம். மாலையில்தான் மலேக்கோன் என்னும் கடலோர நடைபாதை உயிர் பெறுகிறது. குழந்தை வண்டியோடு தாய்மாரும், ஐஸ்கிரீமோடு இளைஞரும், ஒருவர் கையை ஒருவர் பற்றிய முதியோரும் வெண்கலச் சிற்பங்களைக் கடந்து நடக்கிறார்கள். காகிதத் தொப்பி அணிந்து காகிதக் கப்பலில் நிற்கும் முதியவரின் சிற்பத்தருகே சற்று நின்று, மொகோட்டேக்கு அப்பால் கதிரவன் விழுவதைப் பார்க்கலாம். விரிகுடாவில் அசையும் பாய்மரக் கம்பங்களுள் தங்கள் வீட்டுக்குரியது எது என்று இருவரும் தேடிக் கண்டுபிடிக்கும் இன்பம் விடுதியில் தங்குவோர்க்கு வாய்க்காது.

இந்த அமைதியின் அடியில் ஓர் இழப்பும் உண்டு. அதை அறியாமல் ஊரை ரசித்ததாகச் சொல்ல இயலாது. 1535இல் ஸ்பானியப் படைத்தலைவர் எர்னான் கோர்த்தேஸ் இவ்விரிகுடாவுக்கு வந்ததற்கு முத்தும் ஒரு காரணம். பல நூற்றாண்டுகள் இங்கே முத்துக் குளித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கஸ்தோன் வீவெஸ் என்பவர், அருகிலுள்ள எஸ்பிரித்து சாந்தோ தீவில் சிப்பிகளைப் பெருமளவில் வளர்த்துப் பண்ணை நடத்தினார். 1914இல் மெக்சிகோ புரட்சியின் கலவரத்தில் அது அழிந்தது. பிறகு இயற்கைச் சிப்பிகளும் அருகிப்போயின. 1940இல் ‘வெஸ்டர்ன் ஃப்ளையர்’ படகில் வந்த அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக், இவ்வூரில் வழங்கிய கதை ஒன்றை அடியாகக் கொண்டு ‘தி பேர்ல்’ என்னும் குறுநாவலை எழுதினார். 1947இல் அது நூலாயிற்று. கொற்கையின் புகழையும் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நின்றுபோனதையும் அறிந்த தமிழ் வாசகர், இந்த ஊரின் வரலாற்றை அந்நியமாக உணர மாட்டார். தீவின் சான் கப்ரியேல் குடாவில் வீவெஸ் எழுப்பிய கற்சுவர்களின் எச்சம் இன்றும் இருக்கிறது. ஒருநாள் பாய்விரித்துச் சென்று, அதன் அருகே பேச்சின்றி அமர்ந்துவிட்டு வரலாம்.

தங்குவதற்கு ஏப்ரலும் மே மாதமும் ஏற்றவை. குளிர்கால வடகாற்றின் வேகம் அப்போது தணிந்திருக்கும். சூறாவளிப் பருவம் ஜூன் மாதத்துக்கு முன் பெரும்பாலும் தலைகாட்டாது. கிளம்பும் நாளில் ஏற்றமும் வற்றமும் மாறும் வேளையில் நீரோட்டம் சற்று நிற்கும். ஒருவர் சுக்கானிலும் மற்றவர் முன்தளத்திலும் நின்று கையசைவாலேயே பேசி நங்கூரத்தைத் தூக்க உகந்த நேரம் அதுதான். அது தவறிப்போனால், இன்னும் ஒரு நாள் தங்கிவிடுவதே நல்லது.