செங்கல் உடைகிற அழகு

வெலிமடைச் சந்தைப் பக்கம் நாற்பதைத் தாண்டிய யாரிடமாவது "டேங்க் கேம்" என்று சொல்லிப் பாருங்கள். கழுகு, செங்கல், மண்வெட்டி, கிரனேட் என்று அவரே வரிசையாகச் சொல்லத் தொடங்கிவிடுவார். அதே வயதில் அமெரிக்காவில் நின்டெண்டோவோடு வளர்ந்தவரிடம் 'பேட்டில் சிட்டி' என்ற அதன் சொந்தப் பெயரைச் சொன்னாலும் பெரும்பாலும் விழிப்பார். நம்கோ நிறுவனம் 1985 செப்டம்பரில் ஜப்பானின் ஃபமிகொம் பெட்டிக்கு வெளியிட்ட கேம் அது. அமெரிக்க நின்டெண்டோவுக்கு அது வரவேயில்லை.

எல்லாம் பின் கணக்கு. ஃபமிகொம் கசெட்டுக்கு 60 பின், அமெரிக்கப் பெட்டிக்கு 72. தைவானிலும் சீனாவிலும் செய்து நம் பக்கம் வந்த நகல் பெட்டிகள் ஜப்பான்காரனின் 60 பின்னையே வைத்துக்கொண்டன. அதனால் 'டீவி கேம்' என்று நாம் வாங்கியதெல்லாம் ஜப்பான் வழி வந்த சரக்கு. இன்றைக்கு மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடிப்பிடித்து வாங்குகிற பேட்டில் சிட்டி, நட்ஸ் அண்ட் மில்க், எஃப்1 ரேஸ், சர்க்கஸ் சார்லி எல்லாம் லயத்துப் பிள்ளைக்கு ஒரே கசெட்டில் கிடைத்தன. நம்கோவுக்கு அதில் ஒரு சதமும் போகவில்லை என்பது வேறு கதை. ரூபவாஹினியே 1982இல் ஜப்பான் உதவியோடுதான் தொடங்கியது. கார் பெட்டரியில் ஓடிய கருப்பு வெள்ளை டீவிக்குள் ஜப்பான் இரண்டு வழியாலும் நுழைந்துவிட்டது.

கேமுக்கு வருவோம். சாம்பல் திரை மூடி, ஸ்டேஜ் எண் காட்டி, சின்னதாக ஒரு மெட்டு வாசித்துவிட்டுத் திறக்கும். அதற்குப் பிறகு பாட்டே கிடையாது. டேங்க் நின்றால் ஒரு உறுமல், நகர்ந்தால் இன்னொரு உறுமல், அவ்வளவுதான். பின்னணி இசை வைக்காமல் விட்டவருக்கு ஒரு கும்பிடு போடலாம். காது முழுக்க எஞ்சினிலேயே இருப்பதால், குண்டு இரும்பில் பட்ட சத்தத்துக்கும் செங்கலில் பட்ட சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் விளையாடுபவனுக்குத் தானாகவே பழகிவிடும்.

என் கண் எப்போதும் போய் நிற்பது செங்கலில்தான். ஒரு செங்கல் கட்டம் ஒரே அடியில் மறையாது. குண்டு பட்ட பக்கத்தில் ஒரு பட்டை மட்டும் கழன்று விழும். நாலு குண்டு போனால்தான் முழுக் கட்டமும் காலி. ஆகவே சுவரைச் சீவலாம். மெல்லிய ஒரு கீற்றை மட்டும் விட்டுவைத்து, அதன் பின்னால் காத்திருந்து, எதிரி நேரே வருகிற கணத்தில் அதையும் உடைத்துப் போடலாம். தண்ணீரில் டேங்க் போகாது, குண்டு போகும். மரத்தடியில் டேங்க் மறையும், குண்டும் மறையும். ஐஸில் நிறுத்தினாலும் கொஞ்சம் வழுக்கும். மண்வெட்டியை எடுத்தால், நாம் காக்கவேண்டிய கழுகைச் சுற்றிய சுவர் இரும்பாகும். நேரம் முடியப்போகும்போது இரும்பும் செங்கலுமாக மாறி மாறி மினுங்கி எச்சரிக்கும். முடிந்ததும் உடைந்திருந்த சுவர் புதுச் செங்கலாக நிற்கும். கடைசி நிமிடத்தில் மண்வெட்டி எடுத்தவனுக்குக் கிடைக்கிற இந்தச் சலுகையை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஒரு ஸ்டேஜுக்கு எதிரி டேங்க் 20. அதில் 4ஆவது, 11ஆவது, 18ஆவது மட்டும் சிவப்பாக மினுங்கிக்கொண்டு வரும், அடித்தால் பரிசு. கருப்பு வெள்ளை டீவியில் சிவப்பு தெரியாவிட்டாலும் மினுக்கம் தெரியும் என்பதால் நமக்கு நட்டமில்லை. இரண்டு பேர் விளையாடும்போது கூட்டாளியைச் சுட்டால் அவன் சாகமாட்டான்; கொஞ்ச நேரம் அசைய முடியாமல் நிற்பான். அண்ணன் தம்பிச் சண்டைக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை யாரால் செய்ய முடியும்? சொந்தக் கழுகைச் சொந்தக் குண்டாலேயே அடித்துத் தோற்கவும் வழி விட்டிருக்கிறார்கள். 35 ஸ்டேஜ், போதாததற்கு நாமே களம் கட்டிக்கொள்ளும் வசதி, படம், சத்தம் எல்லாம் சேர்த்து 24 கிலோபைட். இந்தக் கட்டுரையைக் கம்பியூட்டரில் சேமித்தால் ஏறக்குறைய அதில் பாதி வரும்.

வேகத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஜப்பான் டீவிக்குச் செய்த ஃபமிகொம் செக்கனுக்கு 60 படம் காட்டும். நம் நாட்டு பால் (PAL) டீவி முறைக்குச் செய்த நகல் பெட்டிகள் காட்டியது 50. கேமின் தாளம் படக் கணக்கில் ஓடுவது. சுருதியோ சிப்பின் துடிப்பில் நிற்பது, அது ஏறக்குறைய பழைய அளவிலேயே இருந்தது. அதனால் மாரியோ பாட்டு நமக்குச் சுருதி மாறாமல், காலம் மட்டும் இறங்கிக் கேட்டது. அசல் பெட்டியில் முதல்முறை கேட்கிற நம் ஆளுக்கு மாரியோ எங்கேயோ பஸ் பிடிக்க ஓடுகிறான் என்று தோன்றும். அசல்தான் சரி என்று சேகரிப்பாளர்கள் வாதாடுவார்கள். எனக்கு அந்த நிதானமே பிடிக்கும்.

கொன்ட்ரா கேமின் 1988 ஜப்பான் கசெட்டையும் ஒருமுறை பார்க்கவேண்டும். காட்டு ஸ்டேஜில் இலை ஆடும், பனி ஸ்டேஜில் பனி விழும். கொனாமி தன் சொந்தச் சிப்பை உள்ளே வைத்ததால் வந்த வசதி அது. அமெரிக்கக் கசெட்டில் அந்தச் சிப்பும் இல்லை, ஆட்டமும் இல்லை. ஐரெம் நிறுவனத்தின் ஆரம்பக் கசெட்டுகள் சிலவற்றில் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கே எரியும்.

ஆசைப்பட்டு ஜப்பானிலிருந்து வரவழைக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1983இன் முதல் ஃபமிகொம் ஜப்பான் சேனல் அலையில்தான் படம் தரும்; நம் டீவி அதைப் பிடிக்காது. 1993 இறுதியில் வந்த ஏவி ஃபமிகொமை வாங்குங்கள், உங்கள் டீவி ஜப்பானின் என்டிஎஸ்சி முறையை ஏற்குமா என்றும் பாருங்கள். ஜப்பான் அடப்டர் 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் சொருகினால் புகைதான் மிஞ்சும். கசெட் வேலை செய்யாவிட்டால் வாயால் ஊதாதீர்கள், ஈரம் பின்னை அரிக்கும். பஞ்சில் சுத்தமான அல்கஹோல் தொட்டுத் துடைத்தால் போதும்.