அச்சத்தின் சாட்சிக் கூட்டம்

குற்றம் நிகழ்ந்தபின் தண்டிப்பதினும் நிகழுமுன் தடுப்பதே மேல் என்பதை மறுப்போர் இலர். ஆயின், தடுப்பு என்ற பெயரில் செய்யப்படுவன யாவும் தடுக்கின்றனவா? இவ்வினாவைப் போதிய அளவு எழுப்பாமலே பெரும் புகழ் எய்திய படைப்பு, அர்னால்ட் ஷப்பீரோ இயக்கி 1978-இல் வெளிவந்த ‘ஸ்கேர்டு ஸ்ட்ரெய்ட்’ என்னும் அமெரிக்க ஆவணப்படம். மறு ஆண்டில் அது ஆஸ்கார் பரிசும் பெற்றது.

நியூ ஜெர்சி மாநிலத்தில், அந்நாளில் ராவே எனப்பட்ட சிறையில், ஆயுள் தண்டனைக் கைதிகள் 1976-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கினர். தீயவழியில் அடியெடுத்து வைத்த இளைஞரைச் சிறைக்குள் அழைத்து, உள்ளே நிகழும் கொடுமைகளைக் கூச்சலோடும் வசைமொழியோடும் எடுத்துரைத்து, நடுங்க வைத்து அனுப்புவதே அதன் முறை. படத்தில் ஏளனச் சிரிப்போடு நுழையும் 17 பேர், சில மணி நேரத்தில் கலங்கி வெளியேறுகின்றனர். மூன்று மாதங்களுக்குப் பின் அவர்களில் 16 பேர் நேர்வழியில் நிற்கின்றனர் என்று படம் அறிவிக்கிறது.

படத்தின் ஆற்றலை நாம் குறைத்து மதிக்கவில்லை. தாம் இழந்ததை இன்னொருவன் இழக்கலாகாது என்ற தவிப்பு அக்கைதிகளின் குரலில் உண்மையாகவே ஒலிக்கிறது. ஆனால் இதன் வடிவம் நமக்கு மிகவும் பழக்கமானது. பாவத்தின் பயங்கரத்தை வருணித்தல், கேட்போர் கலங்குதல், மனந்திரும்பியோரை எண்ணி அறிவித்தல்: நம் எழுப்புதல் கூட்டங்களின் ஒழுங்கல்லவா இது! ஆகவே போதகராகிய நாம் இப்படத்தைப் பிறரைவிட எளிதில் நம்பிவிடக் கூடியவர்கள்.

அச்சிறைக்குச் செல்லாத இளைஞர் என்ன ஆயினர் என்று படம் கேட்பதில்லை. அதைக் கேட்டவர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் ஃபின்கனாயர். ஆறு மாதக் கணக்கில், சென்று வந்த 46 பேரில் 41 விழுக்காட்டினர் மீண்டும் குற்றத்தில் சிக்கினர். செல்லாத 35 பேரில் 11 விழுக்காட்டினரே சிக்கினர். அவ்வாய்வில் இரு பிரிவுகளும் முற்றும் சமமாக அமையவில்லை என்ற குறை உண்டு. எனினும், இவ்வகைத் திட்டங்களைப் பற்றிய ஒன்பது ஆய்வுகளை ஒருங்கே சீர்தூக்கி 2002-இல் வெளியான மதிப்பீடும், அதன் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பும் அதே திசையையே காட்டின. சும்மா விடப்பட்டிருந்தால் இதைவிட நன்றாய் இருந்திருப்பர் என்பது எத்தகைய தீர்ப்பு!

காரணத்தின் ஒரு பகுதி படத்திலேயே தெரிகிறது என்பது நம் கருத்து. இளைஞர் தம் திருட்டுகளைப் பெருமையாகச் சொல்லக் கேட்கிறோம். அவர்களுடைய வீடும் பள்ளியும் படத்தின் அக்கறைக்கு உரியனவாக இல்லை. உரத்துக் கத்துபவனே அந்த அறையை ஆள்கிறான். தெருவில் முன்பே கற்ற பாடம் அங்கே உறுதிப்படுகிறது.

இதற்கு எதிரான சான்று மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டியில் உண்டு. 1962 முதல் 1967 வரை, வறிய கறுப்பினக் குடும்பங்களின் 123 குழந்தைகளில் 58 பேருக்கு மூன்று, நான்கு வயதிலேயே நல்ல பாலர் கல்வி அளிக்கப்பட்டது. ஆசிரியர் வாரந்தோறும் வீட்டுக்குச் சென்று தாயுடன் அமர்ந்தார். நாற்பது வயதுக்குள் ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள் இவர்களில் 36 விழுக்காடு. மற்றப் பிரிவில் 55. தொகை சிறிதுதான், 36 என்பதும் மகிழத்தக்க எண் அன்று. ஆயினும் ஒருவரையும் அச்சுறுத்தாமல் கிடைத்த வேறுபாடு அது.

வாராந்தர வீட்டுச் சந்திப்பைப் படமாக்கினால் விறுவிறுப்பு ஏது? ஷப்பீரோவோ 2011-இல் சிறை அச்சுறுத்தலையே மீண்டும் தொலைக்காட்சித் தொடராக்கினார். அது 2015 வரை ஓடியது.