புன்னகைத்தாரா? ஆம் / இல்லை

என்னிடம் ஒரு படிவம் இருக்கிறது. அதில் 42 கேள்விகள். ‘நீங்கள் உள்ளே நுழைந்த 30 விநாடிக்குள் ஊழியர் வரவேற்றாரா?’ ‘கண்ணைப் பார்த்துப் பேசினாரா?’ ‘புன்னகைத்தாரா?’ ‘நீங்கள் கேட்டதோடு வேறொரு பொருளையும் பரிந்துரைத்தாரா?’ ‘பில் போட்டபின் நன்றி சொன்னாரா?’ எல்லாக் கேள்விக்கும் ஆம், இல்லை என்று இரண்டே பதில்கள். பிரதிகளை வாசிப்பதும் வாசிக்கச் சொல்லித்தருவதும்தான் என் தொழில். இந்தப் படிவத்தையும் ஒரு பிரதியாக எடுத்து வாசிக்க வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்து, தள்ளிப்போட்டு வந்தேன். காரணம், அதை நிரப்பிக் கொடுத்தவள் நான்.

அந்த வேலைக்கு ‘மிஸ்டரி ஷாப்பர்’ என்று பெயர். சாதாரண வாடிக்கையாளர்போலக் கடைக்குள் போக வேண்டும். பார்க்க வேண்டும், விசாரிக்க வேண்டும், சொல்லப்பட்ட தொகைக்குள் எதையாவது வாங்க வேண்டும். அன்றிரவுக்குள் அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். நாம் யாரென்று கடையில் ஒருவருக்கும் தெரியக் கூடாது. 1940களில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்த பெயர் இது. ஊழியர்கள் கல்லாவில் கைவைக்கிறார்களா என்று பார்ப்பதற்காகத் தொடங்கிய வேலை, நாளடைவில் அவர்கள் சிரிக்கிறார்களா என்று பார்க்கும் வேலையாக வளர்ந்தது. திருடாமல் இருப்பது மட்டும் போதாது என்றானபோது, ஊழியரின் முகமும் கடையின் சரக்காகிவிட்டது.

2014இல் நான் கோவையில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். மே மாதம் எங்களுக்குச் சம்பளம் கிடையாது. ஜூனில் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். உடன் வேலை பார்த்த தோழி இந்த வழியைச் சொன்னாள். கடைகளுக்காக இந்தச் சோதனையை நடத்தித்தரும் ஒரு நிறுவனத்தில் பதிந்துகொண்டேன். சின்னதாக ஒரு தேர்வு வைத்தார்கள், தேறினேன். ஒரு கடைக்கு 300 அல்லது 350 ரூபாய். வாங்கும் பொருளுக்கான பணம் தனி. இரண்டு கோடைகளில் 23 கடைகளுக்குப் போனேன்.

இதில் எனக்குக் கிடைத்த நன்மைகளை மறைத்தால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். உணவகத்தில் தனியாக உட்கார்ந்து, யாருக்கும் பரிமாறாமல், சூடாகச் சாப்பிட்டேன். யாராவது கேட்டால் சொல்ல ஒரு காரணம் இருந்தது: வேலை. வாங்காமலே ஐந்து புடவைகளை எடுத்துப்போடச் சொல்லவும், பில் இல்லாமல் பணம் தரமாட்டேன் என்று நிற்கவும், பெண்கள் கழிப்பறை ஏன் பூட்டியிருக்கிறது என்று சத்தமாகக் கேட்கவும் பழகினேன். கடையில் குறை சொல்லும் பெண்ணைச் சண்டைக்காரி என்று சொல்லும் வீட்டில் வளர்ந்தவளுக்கு இது சின்ன விஷயம் அல்ல. இன்றும் எங்கேயாவது குறை சொல்ல வாய் திறக்கும்போது அந்தக் கோடையின் தைரியம்தான் வருகிறது.

இன்னொரு சந்தோஷமும் இருந்தது. பெண்கள் நுணுக்கமாகக் கவனிப்பவர்கள், அதனால்தான் எங்களைத் தேடி எடுக்கிறோம் என்று அந்த நிறுவனத்தில் சொன்னார்கள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அந்தக் கவனிப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போது கேட்கவில்லை. அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே அன்றைய சாயங்காலம் எப்படிப் போகும் என்று கணித்தவர்கள் நாம். புகுந்த வீட்டில் ஒவ்வொரு முகத்தையும் படித்து அதற்கேற்பப் பேசக் கற்றவர்கள். பிழைப்பதற்காகக் கற்ற அந்த வித்தையை ஒருவர் 350 ரூபாய்க்கு வாடகைக்கு எடுத்தார். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணின் புன்னகையும் அதே வீடுகளில் கற்றுக்கொண்டதுதான். ஒரே பயிற்சி பெற்ற இரண்டு பெண்களில் ஒருத்தியை நடிக்கவும் இன்னொருத்தியை மதிப்பெண் போடவும் வைத்ததுதான் இந்த ஏற்பாடு.

ஒரு வணிக வளாகத்தின் அழகுசாதனக் கடைக்குப் போன மதியத்தைச் சொல்கிறேன். கண்ணுக்குக் கீழே கருவளையம் இருக்கிறது, ஏதாவது கிரீம் வேண்டும் என்று கேட்க வேண்டும். இது எனக்குத் தரப்பட்ட காட்சி. நடிக்கத் தேவை இருக்கவில்லை, கருவளையம் உண்மையாகவே இருந்தது. அந்தப் பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். ஒரு காலை ஊன்றி, மறுகாலின் பாதத்தை அதன்மேல் வைத்து நின்றிருந்தாள். நான் போனதும் இரண்டு கால்களையும் ஊன்றினாள். சிரித்தாள். கிரீமை எடுத்துக் காட்டினாள், விலை 900 ரூபாய். நான் விலையைப் பார்த்ததைப் பார்த்தாள். பிறகு சூப்பர்வைசர் நின்ற பக்கம் ஒரு தடவை திரும்பிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “அக்கா, இது உங்களுக்கு வேண்டாங்க்கா. நாலு நாள் நல்லாத் தூங்குனீங்கன்னா தானாப் போயிரும். இதுக்குப் போயி இவ்வளவு காசு குடுக்காதீங்க.”

நான் ஒரு கண்மை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்றிரவு படிவத்தைத் திறந்தேன். ‘நீங்கள் கேட்ட பொருளை வாங்கும்படி ஊக்குவித்தாரா?’ இல்லை. ‘கூடுதலாக ஒரு பொருளைப் பரிந்துரைத்தாரா?’ இல்லை. ‘பிராண்டைப் பற்றி நல்லவிதமாகப் பேசினாரா?’ இல்லை. அந்த 23 கடைகளில் எனக்கு நடந்த மிகச் சிறந்த உபசாரம் அதுதான். அதற்குப் படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை. எனவே, கடைசியில் இருந்த குறிப்புப் பகுதியில், இந்த ஊழியர் மிகவும் நேர்மையானவர், இவரால் மறுபடியும் இந்தக் கடைக்கு வருவேன் என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் அறிக்கைகளைச் சரிபார்ப்பவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: அபிப்பிராயத்தை நீக்குங்கள், நடந்ததை மட்டும் எழுதுங்கள். நீக்கினேன். நடந்ததை மட்டும் எழுதினேன். கிரீமை வாங்க வேண்டாம் என்று ஊழியர் என்னிடம் சொன்னார்.

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பேட்ஜிலிருந்த அவள் பெயர் அறிக்கையின் மேலே இருந்தது. என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எண் இருந்தது. எங்கள் அறிக்கைகளுக்கும் மதிப்பெண் உண்டு. எனக்குப் பத்துக்கு ஒன்பது கிடைத்தது. 45 நாள் கழித்து 350 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. அறிக்கையை அனுப்பாமல் விட்டிருக்கலாம். காசு வந்திருக்காது, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானை அன்று என்னால் செய்ய முடியவில்லை. அந்தக் கடைக்கு நான் திரும்பப் போகவும் இல்லை.

சம்பளத்துக்காக உணர்ச்சியைக் கட்டுப்படுத்திக் காட்டும் வேலைக்கு ‘உணர்ச்சி உழைப்பு’ என்று பெயரிட்டவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்டு. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் அவர் எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான் புன்னகையும் ஓர் உழைப்பு என்று சொல்ல நமக்கு வார்த்தை கிடைத்தது. அந்த உழைப்பை எண்ணித்தான் என் படிவம் மதிப்பெண் போடுகிறது. ஆனால் எண்ணப்படும் உழைப்புக்குக் கூலி உண்டா என்று அது கேட்பதில்லை. சிரித்ததற்குக் கூடுதல் ஒன்றும் கிடையாது; சிரிக்காததற்குக் கழிவு உண்டு. எங்கே அந்தப் பெண்ணின் அக்கறை கடைக்கு எதிராகத் திரும்பி வாடிக்கையாளருக்கு உண்மையாகவே பயன்பட்டதோ, அங்கே படிவம் அதைக் குற்றமாகப் பதிவுசெய்தது. வாடிக்கையாளரின் பெயரால் நடக்கும் இந்தச் சோதனையில் வாடிக்கையாளரின் நலனுக்கு இடம் கிடையாது என்பதை அந்த மூன்று ‘இல்லை’கள் காட்டிவிடுகின்றன.

உளவு பார்ப்பதைப் பற்றி நம்மிடம் பழைய பிரதி ஒன்று உண்டு. திருக்குறளின் 59ஆம் அதிகாரம், ஒற்றாடல். அதில் ஒற்றர்கள் கண்காணிக்க வேண்டியவர்களின் வரிசையில் அரசனிடம் வேலை செய்பவர்களும் வருகிறார்கள். ஆகவே, முதலாளி தன் ஆட்களை வேவு பார்ப்பது புதிதல்ல. ஆனால் அந்த அதிகாரம் ஒற்றரையும் முழுக்க நம்புவதில்லை. ஒருவர் கொண்டுவந்ததை இன்னொருவரைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறது; ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல்வது ஒத்துப்போனால்தான் ஏற்கச் சொல்கிறது. அரசனின் நீதிக்கே மூன்று சாட்சி வேண்டியிருந்தது. எங்கள் நிறுவனத்துக்கு, மே மாத வெயிலில் இரண்டு பேருந்து மாறி வந்த ஒரு பெண்ணின் ஒரு மதியம் போதுமானதாக இருந்தது.

சில வருடங்கள் கழித்து வகுப்பில் அகப்பாடல்களின் துறைக் குறிப்புகளை நடத்திக்கொண்டிருந்தேன். ‘தலைவன் சிறைப்புறத்தானாக’ என்று வரும் இடம். தலைவன் வேலிக்குப் புறத்தே மறைந்து நிற்கிறான். அது தோழிக்குத் தெரியும். தலைவியிடம் பேசுவதுபோல அவன் காதில் விழும்படி பேசுகிறாள். மறைந்து கேட்பவனைப் பெண்கள் தங்கள் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும் அழகான உத்தி இது என்று விளக்கினேன். சாயங்காலங்களில் துணிக்கடையில் வேலை பார்க்கும் மாணவி ஒருத்தி எழுந்தாள். “அம்மா, எங்க கடையிலயும் மாசத்துக்கு ஒருத்தர் அப்படி வருவாங்க. ஆனா யாருன்னு தெரியாது. அதனால வர்ற எல்லாரையும் அவங்கதான்னு நெனச்சுப் பேசுவோம். மார்க் கொறஞ்சா அந்தப் பிரிவுக்கே இன்சென்டிவ் கெடையாது.”

நான் கற்றுக்கொடுத்ததைவிட அவள் சொன்னது பெரிய பாடம். பாடலில் மறைந்திருப்பவன் எங்கே நிற்கிறான் என்று தோழிக்குத் தெரியும்; அதனால் பேச்சு அவள் வசம் இருக்கிறது. கடையில் அது தெரியாது. அதனால் ஒரு பேச்சும் அவர்கள் வசம் இல்லை. வருகிற ஒவ்வொரு பெண்ணும் வேவுக்காரியாக இருக்கலாம் என்று ஆனபிறகு, ‘இது உங்களுக்கு வேண்டாங்க்கா’ என்று யார் சொல்வார்கள்? நான் எழுதிய அறிக்கை ஒருத்தியின் மதிப்பெண்ணை மட்டும் குறைக்கவில்லை. முன்பின் தெரியாத இரண்டு பெண்களுக்கு நடுவே கடையில் இயல்பாக வரக்கூடிய ஒரு பேச்சை அது ஆபத்தானதாக்கியது.

அப்படியானால் மாறுவேடத்தில் போய்ச் சோதிப்பதே தவறா என்று மாணவிகள் கேட்கிறார்கள். தவறு என்று சொல்லமாட்டேன். கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடைசெய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தை நடைமுறைப்படுத்த, கர்ப்பிணிகளே சாதாரண நோயாளிகள்போல ஸ்கேன் மையங்களுக்குப் போய்க் குற்றத்தை வெளிக்கொண்டுவந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வாடகை வீடு தருவதில் நிறவெறி இருக்கிறதா என்று அறிய, வாடகைக்கு வருபவர்போலக் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் தனித்தனியே போய்ச் சோதித்தார்கள். அப்படிச் சோதித்தவர்களும் வழக்குத் தொடரலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1982இல் ஏற்றுக்கொண்டது. இவையும் மறைந்த கண்கள்தாம். ஆனால் அவை தம்மைவிட வலுவானவரைப் பார்த்தன. என் கண் கீழே பார்த்தது. அதை அனுப்பியவரை நோக்கி அது ஒருபோதும் திரும்பவில்லை. மறைந்து பார்ப்பதை எடைபோட நாம் கேட்க வேண்டியது இதைத்தான்: யார் சார்பாக, யாரைப் பார்க்கிறோம்?

2010இல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ பார்த்து அழுதவர்களில் நானும் ஒருத்தி. அடிக்கும் சூப்பர்வைசரை வெறுக்க எனக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை. நாலு வருடம் கழித்து, அடிக்காத, கத்தாத, கடையிலேயே இல்லாத சூப்பர்வைசராக நானே போனேன். கொடுமைக்காரரின் முகத்தோடு வந்தால் அதிகாரத்தை அடையாளம் கண்டுகொள்கிறோம். நம் கைப்பையோடும் கருவளையத்தோடும் வரும்போது தெரிவதில்லை.

எனக்குத் தந்த 42 கேள்விகளில் குப்பைத்தொட்டி பற்றி ஒன்று, கண்ணாடியில் தூசி பற்றி ஒன்று, கடையில் ஒலிக்கும் பாட்டின் சத்தம் பற்றி ஒன்று இருந்தன. கவுன்டருக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறதா என்ற கேள்வி கிடையாது. கோழிக்கோட்டில் பி. விஜியும் ‘பெண்கூட்டு’ அமைப்பின் பெண்களும் கேட்டது இதைத்தான்; கடைப் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும், உட்கார இடம் வேண்டும் என்று போராடினார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டிலும் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் உட்காரும் உரிமை சேர்க்கப்பட்டது. இன்று ஊழியருக்கு இருக்கை தர வேண்டியது கடையின் கடமை.

அதனால் இப்போது என்னிடம் இன்னொரு படிவம் இருக்கிறது. வகுப்பில் மாணவிகளோடு சேர்ந்து எழுதியது. நாற்காலி இருக்கிறதா? இருந்தால் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா, அல்லது அதன்மேல் அட்டைப்பெட்டி இருக்கிறதா? பெண் ஊழியர்களுக்குக் கழிப்பறை எந்த மாடியில்? இதில் ஊழியரின் பெயருக்கு இடம் கிடையாது. கடையின் பெயருக்கு மட்டும்தான். கடைக்குப் போகும் எந்தப் பெண்ணும் இதை நிரப்பலாம். 350 ரூபாய் கிடைக்காது. பார்க்கப் பழகிய கண் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. அதை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை நான் தாமதமாகத்தான் கற்றேன். கண்ணுக்குக் கீழே கருவளையம் இன்னும் இருக்கிறது. அந்தப் பெண் சொன்னபடி கிரீம் ஒன்றும் வாங்கவில்லை.