எழுத்தாளரே சொல்லிவிட்டால் போதுமா?

வகுப்பில் ஒரு சிறுகதையை நடத்தி முடித்ததும் இப்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: "சார், இந்தக் கதைக்கு என்ன அர்த்தம்னு எழுத்தாளரே இணையத்துல எழுதிட்டாரே. அப்புறம் நாம எதுக்கு யோசிக்கணும்?" கேட்கும் மாணவர் சோம்பேறி அல்லர், தேடிப் படித்தவர். அதனால்தான் இதைத் தட்டிக்கழிக்க முடிவதில்லை. எழுத்தாளரும் வாசகரும் இணையத்தில் நெருங்கி வந்திருப்பது வாசிப்பை வளர்க்கிறதா? இல்லை, வாசகர் செய்ய வேண்டிய வேலையை எழுத்தாளரே செய்து கொடுத்துவிடுகிறாரா?

முதலில் ஒன்று. இந்த நெருக்கம் இணையத்தோடு பிறந்தது அன்று. கல்கி 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனைத் தொடராக எழுதினார். கதை முடிந்ததும், இன்னின்ன பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டார்கள். அவர் முடிவுரையில் அவர்களுக்கு விளக்கம் தந்தார். நம் மண்ணில் இதைவிட ஆழமான முயற்சி ஒன்று நடந்தது. 1950–51இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். கதை எழுதும் முறையைப் பாடமாகச் சொன்னார்கள். வாசகர்கள் எழுதி அனுப்பினார்கள். பின்னாளில் மலேசியத் தமிழிலக்கியத்தில் பெயர் பெற்ற பலர் அந்த வகுப்பிலிருந்து வந்தவர்கள். சிங்கப்பூரில் தமிழ் முரசின் மாணவர் மணிமன்றமும் அதே 1950களில் இளையோரை எழுத வைத்தது.

இந்த இரண்டு வகைத் தொடர்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கல்கி வாசகரின் ஐயத்தைத் தீர்த்தார். கதை வகுப்போ வாசகரை எழுத உட்கார வைத்தது. இணையத்தில் நடப்பவற்றையும் இந்த அளவுகோலைக் கொண்டே மதிப்பிடலாம்.

இன்றைய தமிழில் இணையத் தொடர்பை மிக விரிவாகப் பயன்படுத்தியவர் ஜெயமோகன். 'அறம்' தொகுப்பிலுள்ள கதைகள் 2011இன் தொடக்கத்தில் அவருடைய இணையத்தளத்தில் அடுத்தடுத்து வெளிவந்தவை. ஒவ்வொரு கதைக்கும் வாசகர் கடிதங்கள் வந்தன. அவையும் அங்கேயே வெளியாயின. பிறகு மகாபாரதத்தை 'வெண்முரசு' என்னும் நாவல் வரிசையாக 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலை வரை நாள்தோறும் ஓர் அத்தியாயமாக இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். மொத்தம் 26 நாவல்கள். அச்சு இதழ் எதுவும் இவ்வளவு பெரிய படைப்பைத் தாங்கியிருக்காது. அன்றன்று படித்து, அன்றன்று பேசுகிற ஒரு வாசகர் கூட்டம் இல்லாமல் எழுத்தாளரும் ஆறரை ஆண்டு இதைக் கொண்டுபோயிருப்பது கடினம். இதில் எழுத்துக்குக் கிடைத்த லாபம் கண்கூடு.

ஆனால் விமர்சகராகப் பார்க்கும்போது ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். எழுத்தாளரின் தளத்தில் எந்தக் கடிதம் வெளிவர வேண்டும் என்பதை முடிவு செய்வது எழுத்தாளர் தரப்புதான். மாற்றுக் கருத்துகளும் அங்கே வருகின்றன, மறுக்கவில்லை. ஆனாலும் கேள்விக்குக் கடைசிப் பதில் அவருடையது. முன்பு நடுவில் இதழாசிரியர் ஒருவர் இருந்தார். இப்போது அந்த நாற்காலி காலி. அதனால் கதையோடு கூடவே கதைக்கான 'சரியான' வாசிப்பும் பொட்டலமாகக் கைக்கு வந்துவிடுகிறது. நம் மாணவர் கேட்டது இதைத்தான்.

'யானை டாக்டர்' கதையையே எடுத்துக்கொள்வோம். டாக்டர் கே என்னும் பாத்திரத்துக்குப் பின்னால் வி. கிருஷ்ணமூர்த்தி என்ற உண்மையான வன விலங்கு மருத்துவர் இருக்கிறார். இணையத்தில் தேடினால் அவரைப் பற்றி நிறையக் கிடைக்கும். அதைப் படித்துவிட்டு, "இது உண்மைக் கதை, ஆகவே உயர்ந்த கதை" என்று விடைத்தாளில் எழுதும் மாணவர் கதைக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறார். கதைக்குள் போனால் வேறு விஷயம் தெரியும். இதைச் சொல்பவர் டாக்டர் அல்லர். அவரிடம் கற்றுக்கொள்ளும் ஒரு வனத்துறை அதிகாரி. புழுவைக் கண்டு அருவருத்தவர், மெல்ல மெல்ல அதையும் ஓர் உயிராகப் பார்க்கக் கற்கிறார். யாரோ வீசிப்போன மதுப்புட்டியின் சில்லு யானையின் காலில் ஏறுகிறது. டாக்டருக்கு விருது வாங்கித்தர அந்த அதிகாரி பாடுபடுகிறார், விருது வரவில்லை. ஆனால் யானைகள் அவரைத் தேடி வருகின்றன. மனிதர் தராத மரியாதையை விலங்கு தருகிறது என்ற கருத்து, இந்த நிகழ்ச்சிகளை அடுக்கிய விதத்தில் இருக்கிறது. வாழ்க்கை வரலாற்றில் அது இல்லை. இதைக் கண்டுபிடிக்க எழுத்தாளரின் விளக்கம் தேவையில்லை. இரண்டாம் முறை படித்தால் போதும்.

இணையத் தொடர்புக்கு இன்னொரு முகமும் உண்டு. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்த நாவல். நான்கு ஆண்டுகள் கழித்து, 2014 இறுதியில் அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. 2015 ஜனவரியில் அவர், தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்னும் பொருளில் முகநூலில் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பிறகு மீண்டும் எழுத வந்தார். முகநூலில் போட்ட ஒரு சிறு அறிவிப்பு உலகெங்கும் வாசகர்களை அவர் பக்கம் திருப்பியது. அதே சமயம், ஒரு நாவலை முழுதாகப் படிக்காமல் அதன் சில பக்கங்களை மட்டும் பரப்பிக் கோபப்படுவது எவ்வளவு எளிது என்பதையும் அந்நிகழ்வு காட்டியது. நெருக்கம் என்பது எப்போதும் வாசிப்பு ஆகிவிடாது.

நம் ஊர் நிலைமைக்கு வருவோம். இங்கே ஒரு நூல் பெரும்பாலும் வெளியீட்டு விழாவில்தான் விலைபோகிறது. பிரமுகர் முதல் நூல் பெறுவார். பொன்னாடை, படம், விருந்து. வாங்கியவர் படித்தாரா என்று எழுத்தாளருக்குத் தெரியவே தெரியாது. இப்போது அந்த விழாவையே முகநூலுக்கும் புலனத்துக்கும் மாற்றிவிட்டோம். "அருமை ஐயா", "வாழ்த்துகள் அம்மா" என்று நாற்பது பேர் போடுகிறார்கள். கதையில் வரும் ஒரு பாத்திரத்தின் பெயரைக்கூட எவரும் சொல்வதில்லை. இதை வாசகர் தொடர்பு என்று சொன்னால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். மலேசிய எழுத்தாளருக்குப் பாராட்டு கிடைக்கிறது, வாசகர்தான் கிடைப்பதில்லை. அடுத்த நூல் முந்தியதைவிட நன்றாக வர வேண்டுமென்றால் அவருக்குத் தேவை, "உங்க கதையோட முடிவு எனக்கு ஒட்டலை, ஏன்னா..." என்று தொடங்கும் ஒரே ஒரு கடிதம்.

அந்தக் கடிதத்தை நம் மாணவர் எழுதலாம். வகுப்பில் ஓர் உள்ளூர்ச் சிறுகதையைப் படிக்க வையுங்கள். விளக்கம் எதையும் தேட விடாதீர்கள். ஒவ்வொருவரும் எழுத்தாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதட்டும். பிடித்த ஓர் இடம், பிடிக்காத ஓர் இடம், இரண்டுக்கும் கதையிலிருந்து சான்று, இவ்வளவே நிபந்தனை. "மிக அருமை" என்ற சொல்லுக்குத் தடை. நல்ல கடிதங்களை ஆசிரியர் வழியாக எழுத்தாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பலாம். பதில் வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டாலும் மாணவர் விமர்சனம் எழுதப் பழகியிருப்பார்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு: எழுத்தாளர் தம் கதையைப் பற்றி இணையத்தில் சொன்னதைத் தாராளமாகப் படியுங்கள். ஆனால் கதையைப் படித்து, உங்கள் கருத்தைக் குறித்துவைத்த பிறகு படியுங்கள். விடையில் அதைப் பயன்படுத்தினால், "எழுத்தாளர் இவ்வாறு கூறுகிறார்" என்று எழுதி, கதை அதற்கு இடம் தருகிறதா என்று அடுத்த வரியிலேயே காட்டுங்கள். இடம் தரவில்லை என்றால் அதையும் துணிந்து எழுதுங்கள். எழுத்தாளர் தம் கதையின் முதல் வாசகர். ஒரே வாசகர் அல்லர்.

அந்த மாணவருக்கும் இதுவே பதில், தம்பி: எழுத்தாளர் சொன்னது அவருடைய விடை. தாளில் உன் பெயர் இருக்கிறது. உன் விடையை எழுது.